இயக்குநர் நாற்காலிக்கு நின்ற அக்காவும் அவள் வாயும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, அக்கா வைத்த பெயர் ஒன்று. அக்கா வைத்ததுதான் நிலைத்தது. விரல்களைக் குவித்து, வாத்தின் அலகு மாதிரி உதட்டருகே கொண்டுபோய், படபடவென்று திறந்து மூட வேண்டும். வாயாடி என்று அர்த்தம். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயாடி முதலில் பேசக் கற்றது கையால்தான், அதற்குப் பிறகுதான் நாக்கு திரும்பியது. திரும்பிய நாக்கு இன்றுவரை ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வாயையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை. நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம் என்று காது கேளாதவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போவாள். அவர்கள் கையால் சொல்வதை இவள் வாயால் சொல்வாள். எதிரில் இருப்பவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். இந்தத் தொழிலில் மீறக் கூடாத சட்டம் ஒன்று உண்டு. கையில் வந்தது அத்தனையும் வாயில் வர வேண்டும், அதுவும் ‘நான்’ என்றே வர வேண்டும். திருடியவன் ‘நான் திருடினேன்’ என்று காட்டினால் இவளும் ‘நான் திருடினேன்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். ‘இவர் திருடினாராம்’ என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. ஊரார் விஷயத்தில் வாயாடி இந்தச் சட்டத்திலிருந்து இம்மியும் பிசக மாட்டாள். அக்கா விஷயத்தில் மட்டும் அதைக் காற்றில் பறக்கவிடுவாள்.

அவள்மேல் குற்றம் சொல்லியும் பயனில்லை. அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மனதில் தோன்றுவது முழங்கையைத் தாண்டுவதற்குள் விரலுக்கு வந்துவிடும். அக்காவைக் கட்டப்போகும் மாமாவின் வீட்டார் கல்யாணப் பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, மாமாவின் அம்மாவைப் பார்த்துவிட்டு அக்கா சாவகாசமாகக் கேட்டாள்: “இந்த அம்மா எப்பவுமே மூஞ்சிய இப்படித்தான் வச்சிருப்பாங்களா?” எல்லோரும் வாயாடியைப் பார்த்தார்கள். வாயாடி கண் இமைக்காமல் சொன்னாள்: “உங்களைப் பார்த்தா சொந்த அம்மாவைப் பார்த்த மாதிரியே இருக்குன்னு அக்கா சொல்றா.” அந்த மாமியார் உருகிப்போய் எழுந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். இன்றுவரை மருமகள் என்றால் அவருக்கு உயிர். தன்னை எதற்காக இந்த மனுஷி இப்படிக் கொஞ்சுகிறாள் என்று அக்காவுக்குத்தான் விளங்கவேயில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. “கூரை ஒழுகுது, ஆள் அனுப்பலைன்னா வாடகை வராது” என்று அக்கா காட்டியதை, “நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் பாருங்க” என்று வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் இவள் சொன்னாள். வீட்டுக்காரருக்கு நேரம் கிடைக்கவே இல்லை. அக்கா அந்த வீட்டைக் காலி செய்கிறவரை வாளியும் கையுமாகத்தான் குடும்பம் நடத்தினாள்.

அக்கா வேலை பார்ப்பது கைபேசியால் திறக்கிற கதவுப்பூட்டு செய்யும் கம்பெனியில். சாவி கிடையாது, போனில் ஒரு தட்டுத் தட்டினால் கதவு திறக்கும். திறக்காவிட்டால் அக்காவிடம் வருவார்கள். அதாவது, திரையில் எழுத்தாக வருவார்கள். உதவி கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் பிரிவு அது. தலையில் சோப்போடு வாசலில் நிற்கிறவர், குளியலறைக்குள் மாட்டிக்கொண்டவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்தவர் என்று அத்தனை பேரும் அக்காவிடம்தான் கத்துவார்கள். எழுத்தில் கத்தினாலும் கத்தல் கத்தல்தான். பல வருஷமாக அதை வாங்கிக்கொண்டு, கதவையும் திறந்துவிட்டு, இப்போது அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர்.

அந்தக் கம்பெனி திடீரென்று ஒரு அறிவிப்பு விட்டது. இயக்குநர் குழுவில் ஒன்பதாவது நாற்காலி ஒன்று போடப்போகிறார்கள். அதில் உட்காரப்போவது வேலை செய்கிறவர்களில் ஒருவர், தேர்ந்தெடுப்பதும் வேலை செய்கிறவர்களே. அக்கா மனு கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னாள்.

வாயாடிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் எட்டு இயக்குநர்களின் படமும், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவர் எங்கே என்னவாக இருந்தார் என்று ஒரு பத்தியும் இருந்தன. அக்கா படிக்கப் படிக்கத் தன் வழக்கப்படி ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டே போனாள். குழுத் தலைவி ஒரு விமானக் கம்பெனியில் நிதித் தலைவியாக இருந்தவர். உள்ளங்கை மேலே பறந்து, இறங்கியதும் நோட்டு எண்ணியது. வங்கியை நடத்தியவருக்குப் பெட்டி பூட்டுகிற கை. காப்பீட்டுக்காரருக்குக் குடை. வழக்கறிஞர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பெரிய அங்கி, சின்ன அங்கி. பேராசிரியருக்குச் சாக்குக்கட்டி. மருத்துவமனை நிர்வாகிக்கு நாடி. கணினிச் சில்லு வடிவமைத்த பொறியாளருக்கு ஒற்றைக் கண்ணை மூடி, இரண்டு நகத்துக்கு நடுவே இல்லாத எதையோ பிடிப்பது. வாயாடி சிரித்துச் சிரித்து மேஜையில் தலையை வைத்துவிட்டாள்.

“எல்லாரும் பெரிய ஆளுங்கதான்,” என்றாள் அக்கா, கையால். “ஆனா இதுல ஒருத்தர்கூட கதவுக்கு வெளிய மாட்டிக்கிட்டு நின்னதா எழுதல.”

“அதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா அக்கா?”

“நான் எழுதுவேன்.”

“அய்யோ சாமி, நீ எழுதாதே. நான் எழுதித் தர்றேன்.”

எழுதினாள். போட்டியிடுகிறவர்கள் மேடையேறித் தங்கள் தொழில் அனுபவத்தைச் சில நிமிஷம் சொல்ல வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உடனே வாக்கெடுப்பு. வாயாடி அந்த எட்டுப் பத்திகளையும் பார்த்துப் பார்த்து அதே வாடையில் ஒன்பதாவதைச் செய்தாள். ‘வாடிக்கையாளர் உறவு மேலாண்மையில் நீண்ட அனுபவம். நெருக்கடிச் சூழல்களைக் கையாள்வதில் தனித்திறன். பல்துறை ஒருங்கிணைப்பு.’ அக்கா ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள்.

“இது யாருடி? நல்லவளா இருக்காளே. எனக்கும் ஒரு நாள் அறிமுகம் பண்ணி வை.”

“கிண்டல் பண்ணாதே. இதை அப்படியே சொல்லு, போதும். நாற்காலி உனக்குத்தான்.”

அக்கா தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது வாயாடியின் தப்பு.

சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பதை அந்தத் தொழிலில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கம்பெனி வேறொருவரைத்தான் ஏற்பாடு செய்திருந்தது. அவர் மகனுக்குக் காய்ச்சல் என்று காலையில் செய்தி வந்ததும், ‘நான் இருக்கேன்’ என்று வாயாடி துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கம்பெனியின் மேல்மாடிக் கூடத்தில் ஊசி விழ இடமில்லை. நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் ஆள். ஓரத்தில் இயக்குநர்கள் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் பார்த்த முகங்களை நேரில் பார்த்ததும் வாயாடியின் விரல்கள் தாமாகவே குடை, சின்ன அங்கி என்று துடித்தன, அடக்கிக்கொண்டாள். குடும்பத்துக்கும் அனுமதி உண்டு என்பதால் மாமா தன் டயர் கடையை அடைத்துவிட்டு, சலவைச் சட்டையில் வந்து முன்வரிசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா.

முதலில் பேசியவர் மென்பொருள் பிரிவின் தலைவர். அடுத்தவர் விற்பனைப் பிரிவு. இரண்டு பேரும் சரளமாகப் பேசினார்கள், கைதட்டலும் கிடைத்தது. எல்லாவற்றையும் வாயாடி அக்காவுக்குக் கையில் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நாற்காலி கிடைத்தால், பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அக்கா சொல்வதைப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ஆயுசுக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கிடைக்காவிட்டால் மறுபடியும் திரை, மறுபடியும் கத்தல். அக்காவின் கை ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் எல்லாம் போச்சு.

அக்கா மேடையேறினாள். வாயாடி அவளைப் பார்த்தபடி முன்வரிசையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா கையை உதறிக்கொண்டாள். ஆரம்பித்தாள்.

“என் தொழில் திட்டு வாங்கறது.”

வாயாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுதிக் கொடுத்ததில் இது எங்கே இருக்கிறது? யோசிக்க நேரமில்லை, பழகிய வாய் தானாக ஓடியது.

“வாடிக்கையாளர்களின் கருத்துகளைப் பெறுவது என்னுடைய பணி.”

கூட்டம் மரியாதையாகக் கேட்டது. அக்கா புருவத்தை லேசாக உயர்த்தினாள். தொடர்ந்தாள்.

“ஒருத்தர் மழையில நின்னுக்கிட்டு, ‘போன் பண்ணிப் பேசு, உனக்கென்ன காது இல்லையா’ன்னு எழுதினார். ‘ரெண்டு இருக்கு சார், ரெண்டும் ரிப்பேர். கை நல்லா இருக்கு, சொல்லுங்க’ன்னு எழுதினேன்.”

“பலவிதமான சூழ்நிலைகளில் உள்ள வாடிக்கையாளர்களுடன்,” என்றாள் வாயாடி, “பொறுமையோடு தொடர்புகொண்டு வந்திருக்கிறேன்.”

அக்காவின் கைகள் நின்றன.

காது கேளாதவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. சிரிப்பு என்பது காதால் மட்டும் கேட்கிற சமாச்சாரமா? தோள் குலுங்கும், தலை பின்னால் போகும், பக்கத்து ஆளை முழங்கையால் இடிப்பார்கள். அக்கா வேலையிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆளே கிடையாது. இங்கே ஒரு கூடம் நிறைய ஆட்கள், ஒரு தோள்கூட அசையவில்லை. எல்லோர் முகமும் பாடம் கேட்கிற முகம். அக்காவின் பார்வை கூட்டத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்கி வந்து தங்கையின்மேல் நின்றது. வாயாடி கையும் களவுமாக அகப்பட்டாள்.

“நீ என்ன சொன்னே?” என்று கேட்டது அக்காவின் கை.

மேடையிலிருந்து வருகிற கை எதுவானாலும் வாயில் வந்தாக வேண்டும். கூட்டம் காத்திருந்தது. தலைவி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“‘நீ என்ன சொன்னே?’” என்றாள் வாயாடி மைக்கில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

“நான் சொன்னதை நீ சொல்லல.”

“‘நான்... நான் சொன்னதை நீ சொல்லல.’”

“என் சரக்கை ஒளிச்சு வச்சிட்டு உன் சரக்கை விக்கிறே.”

“‘என் சரக்கை ஒளிச்சு வச்சிட்டு,’” வாயாடியின் காது மடல் பற்றி எரிந்தது, “‘உன் சரக்கை விக்கிறே.’”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விஷயம் புரியப் புரியச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மொழிபெயர்க்கிறவள் தன் வாயாலேயே தன்னைப் போட்டுக்கொடுக்கிறாள், வேறு வழியும் இல்லை! மென்பொருள்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ பழைய நினைவு வந்தவர் மாதிரி வாயாடியின் பின்னந்தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயாடிக்கு அழுகை முட்டியது. அதே சமயம், எப்படிச் சொல்வது, கட்டியிருந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் அறுந்து விழுந்த மாதிரியும் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார்,” என்றாள், அங்கே ‘நான்’ என்றால் அக்கா என்று ஆகிவிடும் என்பதால். கையாலும் அதையே காட்டினாள். “முதலிலிருந்து, அப்படியே.”

அக்கா மறுபடி கையை உதறிக்கொண்டாள்.

“என் தொழில் திட்டு வாங்கறது!” என்றாள் வாயாடி, அக்காவின் குரல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. காது ரிப்பேர் கதை வந்தது. கூடம் அதிர்ந்தது. இரண்டு தோள் இல்லை, இருநூறு தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அக்காவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. குளியலறையில் மாட்டிய மனிதரின் கதை, பாலை அடுப்பில் வைத்தவளின் கதை, வேகம் கூடக் கூட வாயாடியின் வாயும் கூடவே ஓடியது. இப்படி ஓடுவது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. சலிக்க வேண்டாம், சர்க்கரை தூவ வேண்டாம், வந்ததை வந்தபடி விட்டால் போதும்!

“இந்த எட்டுப் பேரோட தொழில் அனுபவத்தையும் ஒரு வரி விடாம படிச்சேன்,” என்றாள் அக்கா, இயக்குநர்கள் பக்கம் திரும்பி. “விமானம், வங்கி, சட்டம், சில்லு, எல்லாம் இருக்கு. எல்லாமே வேணும். ஆனா கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு திட்டு வாங்கின அனுபவம் ஒருத்தருக்கும் இல்ல.”

வாயாடியின் பழைய வாய் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, ஒரு சொல் மிச்சமில்லாமல் சொன்னாள்.

தலைவி தன் மைக்கை எடுத்தார்.

“ஒரு சின்னத் திருத்தம். நான் விமானக் கம்பெனியில சேர்ந்ததே டிக்கெட் கவுன்டர்லதான். பனிமூட்டத்துல எல்லா விமானமும் ரத்தான அன்னைக்கு, ஒருத்தர் தன் பெட்டியைத் தூக்கி என் மேலயே போட்டார். அதுவும் திட்டுல சேருமா?”

வாயாடி கையில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். “அது திட்டுக்கும் மேல! ஆனா அதை ஏன் உங்க அறிமுகத்துல போடல?”

தலைவி தன் அறிமுகத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். “சத்தியமா தெரியல,” என்றார். “போடணும்னு தோணவே இல்ல.” பக்கத்திலிருந்த குடைக்காரர், தான் வீடு வீடாக ஏறி இறங்கிப் பாலிசி விற்றதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். சின்ன அங்கிக்குக்கூட ஏதோ சொல்ல இருந்தது. தலைவி கையமர்த்த வேண்டியதாயிற்று.

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார். “எல்லாம் சரிங்க. இயக்குநர்னா நிதி அறிக்கை படிக்கணும். உங்களுக்குப் படிக்க வருமா?”

நியாயமான கேள்வி.

“படிச்சுக்கிட்டிருக்கேன். பாதி புரியுது,” என்றாள் அக்கா. “மீதி பாதியை நீங்க உட்கார்ந்து சொல்லித் தரணும். புரியாதப்ப புரிஞ்ச மாதிரி தலையாட்ட மாட்டேன். என் வாழ்க்கையில அதை நிறையப் பண்ணியாச்சு. உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டியே கழுத்து தேஞ்சு போச்சு.”

இதைச் சொல்லும்போது வாயாடியின் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. கணக்குக்காரர் உட்காராமல் அப்படியே நின்று கைதட்டினார்.

வாக்களிக்கச் சொன்னார்கள். எல்லோரும் போனைத் தட்டினார்கள். பெரிய திரையில் மூன்று பட்டைகள் வளர்ந்தன. மென்பொருள் முதலில் நின்றார், அக்கா அவரை எட்டிப் பிடித்தாள், விற்பனை பின்தங்கியது, மென்பொருள் மறுபடி ஒரு இழை முன்னால் போனார். வாயாடியால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினாள். மாமா எழுப்பிய கூச்சலில்தான் கண்ணைத் திறந்தாள். அக்காவின் பட்டை எல்லாவற்றையும் தாண்டி நின்றது. மென்பொருள்காரரே முதல் ஆளாக மேடைக்கு ஓடிக் கைகுலுக்கினார். மாமா எல்லோரும் பார்க்க விரல் வைத்து விசிலடித்தார். அது அக்காவுக்குக் கேட்காது என்பது அந்த மனிதருக்கு நினைவே இல்லை.

தலைவி மேடைக்கு வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்: “அடுத்த மாசம் உங்களோட முதல் கூட்டம். மொழிபெயர்ப்புக்கு உங்க தங்கச்சியையே நிரந்தரமா போட்டுடலாமா? இவங்களைவிட நேர்மையான ஆள் கிடைக்க மாட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. வாயாடிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்த அறைக்குள் அக்காவுக்குப் பக்கத்தில் தன் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. அக்காவிடம் கையால் சொன்னாள். அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“வேண்டாம்.”

வாயாடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம்,” என்றாள் மைக்கில்.

“எனக்கு வேற ஆள் வேணும்.”

“எனக்கு வேற ஆள் வேணும்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தங்கை பிடித்துக்கொள்ள நேரம் கொடுத்துக் கொடுத்துச் சொன்னாள். வாயாடி அதை அப்படியே, ‘நான்’ என்றே சொன்னாள்.

“என் தங்கச்சி கெட்டிக்காரி. ஆனா நான் பேச ஆரம்பிச்சாலே அவளுக்கு வயித்தைக் கலக்கும். சின்ன வயசிலேர்ந்து நான் விழுந்துடக் கூடாதுன்னு முன்னாடியே ஓடி ஓடிப் படுக்கை விரிச்சா. இன்னைக்கு அவ விரிக்கல, நானும் விழல. அந்த அறையில நான் என்ன சொன்னாலும் அது என் பாடு. அவ பயந்துக்கிட்டு பக்கத்துல உட்கார வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து சொல்ற கதையைக் கேட்கட்டும்.”

சொல்லி முடித்ததும் வாயாடியின் கன்னம் நனைந்திருந்தது. தலைவி மேடையிலிருந்து குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

மொழிபெயர்க்கிறவளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வாயாடி மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வாயாலும் கையாலும் ஒன்றாகவே சொன்னாள்.

“எனக்குக் கோபமா இருக்கு மேடம். அவ சொல்றது சரின்னும் இருக்கு. நல்ல ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும், நம்பர் தர்றேன்.”

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அக்குளில் இருந்த மைக்கைப் பிடுங்கி நாற்காலியில் போட்டுவிட்டுத் தங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படிக் கட்டிக்கொண்டால் இரண்டு பேர் கையும் பேச முடியாது.